நாலு பேருக்கு ஒரு டேபிள்

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி, நாலு பேர். மகள் நீட்டிய போனை, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார் பெரியவர். அன்று செவ்வாய்க்கிழமை.

“சனிக்கிழமை சாப்பிடறதுக்கு இன்னைக்கே சொல்லி வைக்கணுமா?”

“இன்னைக்கே பார்த்ததாலதான்ப்பா இதுவாவது கெடச்சுது. எட்டு, எட்டரையெல்லாம் போன வாரமே ஃபுல்.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார் அம்மா. “சனிக்கிழமையும் அதுவுமா ஏழரையா? வேற நேரமே கிடைக்கலையாடி உனக்கு?”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை அவருக்கு 60 வயது நிறைகிறது. அன்றைக்குப் போய் ஏழரையா?

தரமணியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் நின்றால் டைடல் பார்க் தெரியும். அது 2000-ல் திறந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டாரமே மாறிப்போனது. மதியம் ஒரு மணிக்குக் கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள் தள்ளுவண்டி ஓரம் நின்றபடியே தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடுவார்கள். லெமன் சாதம், ஒரு ஆம்லெட், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதே பிள்ளைகள்தான் சனி, ஞாயிறு வந்தால் நான்கு நாள் முன்னாடியே டேபிள் சொல்லி வைக்கிறார்கள். மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

“ஆளுக்கு முந்நூறு ரூபா கட்டியிருக்கேன். பில்லுல கழிச்சுக்குவாங்க” என்றாள்.

“நாம வராம போனா?”

“போனது போனதுதான்.”

பெரியவர் கோபப்படுவார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரோ தலையை ஆட்டி, “அதுதான் சரி” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் 31 வருஷம் சப்ளையராக இருந்தவர் அவர். முட்டி தேய்ந்து, வாளி தூக்க முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டார். ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் முதலாளி கல்லாவிலிருந்து எப்படிப் பார்ப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

திருவல்லிக்கேணி என்றால் மேன்ஷன்கள். மேன்ஷன் என்றால் சமைக்க வழியில்லாத ஆண்கள். பசியும் கூட்டமும் ஒரே நேரத்தில் வரும் இடம். அதனால்தான் அங்கே டோக்கன் முறை வேர்விட்டது. அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ் அதற்குப் பேர்போனது. காசைக் கட்டி டோக்கன் வாங்கி, கூப்பிடும்வரை காத்திருந்து, இடம் கிடைத்ததும் உட்கார வேண்டும். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் அதுகூடக் கிடையாது. சந்துக்குள் நின்று, உள்ளே இருப்பவர் எழுந்தால் அடுத்தவர் போக வேண்டியதுதான். நீதிபதியானாலும் ஆட்டோ ஓட்டுநரானாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும் என்பார் பெரியவர். அதில் அவருக்கு ஒரு பெருமை.

இன்னொரு பக்கம், தரமணியிலிருந்து அதிக தூரமில்லாத கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலுக்குள் ‘அவர்தனா’ இருக்கிறது. 2017-ல் தொடங்கியது. நம் ரசத்தையும் இடியாப்பத்தையும் வேறு உருவத்தில், ஏழிலிருந்து பதின்மூன்று வரை சின்னச் சின்னத் தட்டுகளாக வரிசையாகக் கொண்டு வருவார்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலிலும் இடம் பிடித்தது. அந்த மாதிரி இடத்துக்கு முன்கூட்டியே சொல்லாமல் போவது, கல்யாணத் தேதி பார்க்காமல் மண்டபத்துக்குப் போவது போல.

மகள் சொல்லி வைத்தது அவ்வளவு பெரிய இடம் இல்லை. நுங்கம்பாக்கம் பக்கம், இளசுகள் மத்தியில் இப்போது பேசப்படும் ஒரு ரெஸ்டாரன்ட். சைவம் நன்றாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று யாரோ ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

மெஸ்ஸில் முன்பதிவு என்ற வார்த்தையே கிடையாது என்றாலும் பெரியவர் ஒரே ஒருவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். சேப்பாக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த குமாஸ்தா அவர். மேன்ஷனில் தனியாக இருந்தார். மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு வெயிலில் நடந்து வருவார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் மூலை நாற்காலிதான் அவர் இடம். பன்னிரண்டரை ஆனதும் பெரியவர் அந்த இடத்தில் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. வற்றல் குழம்பு இருக்கிற நாளில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. “இன்னைக்கு ரசம் நல்லாருக்கு” என்பதுதான் அவர்களுக்குள் பெரிய பேச்சு. இப்படியே ஒன்பது வருஷம் போனது.

ஒரு நாள் பன்னிரண்டு நாற்பது ஆகியும் ஆள் வரவில்லை. மாசக் கடைசி, வெள்ளிக்கிழமை, வாசல்வரை கூட்டம். பன்னிரண்டு ஐம்பது. கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்: “அந்த டம்ளர் யாருக்குய்யா நிக்குது?” பெரியவர் இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு டம்ளரை நிமிர்த்தி, நின்றுகொண்டிருந்த ஒரு பையனை உட்கார வைத்தார்.

குமாஸ்தா ஒன்று பத்துக்கு வந்தார். சட்டை புதுசு. மூலையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். “பரவாயில்லப்பா, வேலை கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதே ஆபீஸிலிருந்து வந்த இன்னொருவர்தான் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ரிட்டயர்மென்ட். ஃபைல் ஒப்படைக்க நேரமாகிவிட்டது. ஆபீஸில் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதையும் விட்டுவிட்டு, “மெஸ்ஸுல ஒரு தடவை சாப்பிட்டுட்டு வந்துடறேன்” என்று கிளம்பி வந்திருக்கிறார். அன்று ராத்திரியே ரயிலேறி ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று சொன்னவருக்குத் தெரியவில்லை.

இதைப் பெரியவர் வீட்டில் சொன்னதே இல்லை. அந்தச் சனிக்கிழமைதான் சொன்னார். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்!

அன்று ஆறரைக்கே கிளம்பினார்கள். அம்மா அரக்குக் கலர் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்திருந்தார். மாப்பிள்ளை கார் எடுத்தார். ஆறு மணிக்குப் பிடித்த மழை தூறலாக இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே வண்டிகள் நகர்ந்தன, நின்றன, நின்றே இருந்தன. மத்திய கைலாஷ் தாண்டவே ஏழு இருபது. ஏழரைக்குப் போனில் ஒரு செய்தி வந்தது: உங்கள் டேபிள் 15 நிமிடம் வரை வைக்கப்படும். மகள் ரெஸ்டாரன்ட்டுக்குப் போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். மறுபடி பிஸி.

வாசலில் இறங்கும்போது ஏழு ஐம்பத்தெட்டு.

கதவருகே உயரமான மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கையில் டேப்லெட். “சாரி மேம், செவன் ஃபார்ட்டிஃபைவ் வரைக்கும் ஹோல்ட் பண்ணோம். இப்பதான் வேற ஃபேமிலிக்குக் குடுத்தோம்.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கு என்று எழுதியிருந்த மேசையில் நாலு பேர் உட்கார்ந்து மெனு கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “காசு கட்டியிருக்கேங்க. எங்க அம்மா பர்த்டே.” மாப்பிள்ளை அப்போதே போனை எடுத்து ஒரு ஸ்டார் போடத் தயாரானார். அம்மா சும்மா இருக்கவில்லை. “ஏங்க, வீட்டுல மாவு இருக்கு. போயி நாலு இட்லி ஊத்திக்கலாம். எதுக்கு இந்த அவமானம்?” என்று பெரியவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

பெரியவர் மட்டும் நகரவில்லை. “நமக்கு எத்தனை பேர் முன்னாடி இருக்காங்கம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“ரெண்டு ஃபேமிலி சார். நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?”

“தரமணி.”

அவள் முகம் மாறியது. “அங்கதான் சார் படிச்சேன். கேட்டரிங் காலேஜ்.”

தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தை ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லும். நாப்கின் மடிக்கவும், விருந்தினரை வரவேற்கவும், கரண்டி எந்தப் பக்கம் என்று பார்க்கவும் அங்கே கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பெரியவரும் காலை நடையில் அந்த வாசலைத் தாண்டித்தான் போவார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்த்த மாதிரி இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை ராத்திரியை அவர்கள் இரண்டு பந்தியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழரைக்கு உட்காருபவர் ஒன்பதேகாலுக்கு எழுந்தால்தான் ஒன்பதரைக்குச் சொல்லி வைத்தவரை உட்கார வைக்க முடியும். முதல் பந்தியில் ஒரு மேசை அரைமணி தள்ளிப்போனால் அந்த அரைமணி ராத்திரி பதினொன்று வரை இழுத்துக்கொண்டே போகும். சமையலறையிலும் சிக்கல். எல்லாரையும் எட்டு மணிக்கே உட்கார வைத்தால் நாற்பது ஆர்டர் ஒரே நேரத்தில் உள்ளே போகும். அதனால்தான் ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்று சிதற விடுகிறார்கள். இதில் சொல்லி வைத்துவிட்டு வராதவர்கள் வேறு. “ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெண்டு, மூணு டேபிள் அப்படிப் போகும் சார். போன் பண்ணா எடுக்கவும் மாட்டாங்க. அதுக்குத்தான் அட்வான்ஸ்.”

“எங்களுக்கு ஒரு இலை இருபது நிமிஷம்மா. இலை போச்சுன்னா ஒரு சாப்பாடுதான் நஷ்டம். உங்களுக்கு ஒரு டேபிள் போனா பாதி ராத்திரி போச்சு” என்றார் பெரியவர்.

அந்தப் பெண் டேப்லெட்டை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

சோபாவில் இடம் இருந்தது. உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் புடவை கசங்கும் என்று கொஞ்ச நேரம் நின்றார். மாப்பிள்ளைக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதைப் போனில் எதையாவது தேடிப் படிப்பதில் தீர்த்துக்கொள்வது அவர் வழக்கம்.

“மாமா, இதையெல்லாம் ஆரம்பிச்சதே ஒரு மாமனார், மாமியார் விஷயந்தான், தெரியுமா?” என்றார். அமெரிக்காவில் சக் டெம்பிள்டன் என்பவர். மாமனார், மாமியார் ஊருக்கு வருகிறார்கள் என்று அவர் மனைவி ரெஸ்டாரன்ட்டுகளுக்கு மணிக்கணக்கில் போன் போட்டு அலுத்துப்போனாராம். அதைப் பார்த்துத்தான் 1998-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ‘ஓப்பன் டேபிள்’ என்று இணையத்தில் டேபிள் பிடிக்கும் ஏற்பாட்டை அவர் தொடங்கினார். நம் ஊரில் 2012-ல் ‘டைன்அவுட்’ வந்தது. பத்து வருஷம் கழித்து அதை ஸ்விக்கி வாங்கிக்கொண்டது. இப்போது சொமாட்டோக்காரர்களும் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்று தனியாக ஆப் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினில் ‘எல் புல்லி’ என்று ஒரு இடம் இருந்தது. வருஷத்துக்கு சுமார் 8,000 பேருக்குத்தான் அங்கே இடம். கேட்டவர்கள் 20 லட்சம் பேர் என்று எழுதினார்கள். 2011-ல் மூடியும்விட்டார்கள்.

“20 லட்சமா? சாப்பிட்டவங்களுக்குக் கண் பட்டிருக்கும்” என்றார் அம்மா. உட்கார்ந்துவிட்டிருந்தார்.

நியூயார்க்கில் சிலர் நல்ல ரெஸ்டாரன்ட்டுகளில் மொத்தமாக டேபிள் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அதிக விலைக்கு விற்கிறார்களாம். அதைத் தடுக்க 2024 டிசம்பரில் சட்டமே போட்டார்கள் என்று படித்தார் மாப்பிள்ளை. பெரியவருக்கு இது புதிதாகப் படவில்லை. “தேவி தியேட்டர் வாசல்ல பாத்திருக்கேனே! ‘பத்து ரூபா இருபது, பத்து ரூபா இருபது’ன்னு காதுகிட்ட சொல்லிட்டே போவான்” என்றார்.

அதே நியூயார்க்கில் ‘ராவோஸ்’ என்று 1896-லிருந்து நடக்கும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. பத்தே மேசைகள். யாரும் போன் செய்து டேபிள் பிடிக்க முடியாது. ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு வாடிக்கையாளருடையது. இந்தக் கிழமை இந்த மேசை இன்னாருக்கு என்று வருஷக்கணக்காக எழுதாத பட்டா. அவர் வராத நாளில் தனக்குத் தெரிந்தவர்களை அனுப்புவார். மற்றவர்களுக்கு இடமில்லை.

மாப்பிள்ளை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பெரியவர் அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க மெஸ்ஸுல ஒருத்தர் இருந்தாரு…” என்று ஆரம்பித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தது, நிமிர்த்தியது, புதுச் சட்டை, எல்லாவற்றையும் சொன்னார். மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். “அஞ்சு நிமிஷம் பாத்தேன்ல… இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாத்திருக்கலாம். மொதலாளி திட்டியிருப்பாரு, அவ்வளவுதானே” என்று முடித்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவர் சட்டையில் மழை நனைத்த இடத்தைத் துடைத்தார்.

எட்டேகாலுக்கு, வராமல் போன ஆறு பேர் மேசையை முதலில் காத்திருந்த குடும்பத்துக்குக் கொடுத்தாள் அந்தப் பெண். அடுத்தவர்கள் பொறுமை இழந்து கிளம்பிவிட்டார்கள். எட்டு நாற்பதுக்கு இவர்கள் முறை.

“சார், ஒம்பதரைக்கு இந்த டேபிளுக்கு வேற புக்கிங் இருக்கு. அதுக்குள்ள முடிச்சுக்க முடியுமா?”

“அம்பது நிமிஷம் இருக்கேம்மா! எங்க மெஸ்ஸுல ரெண்டு பந்தி முடிச்சு இலையே எடுத்திருப்போம்.”

சமையலறைக் கதவை ஒட்டிய மேசை. மகள் முகம் சுளித்தாள். பெரியவருக்கோ அதுதான் பிடித்திருந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார். எந்தப் பையன் மூன்று தட்டை ஒரே கையில் எடுக்கிறான், யார் நடக்கும்போது தட்டைப் பார்க்கிறான், யார் பாதையைப் பார்க்கிறான் என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். “தட்டைப் பாக்கறவன் கொட்டிடுவான், பாத்துக்கிட்டே இரு.” யாரும் கொட்டவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் நாலு தட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்தார். ஓடி வந்த பையன், “விடுங்க சார், நான் எடுக்கறேன்” என்று பதறினான்.

பனீரில் ஏதோ செய்தது அம்மாவுக்குப் பிடித்தது. காளான் பிடிக்கவில்லை. கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றி, நாலு பையன்கள் கைதட்டிப் பாட வந்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். காரில் திரும்பும்போதுதான் பேசினார். “பொண்ணு கல்யாணத்துல கூட நீங்க வாளியத் தூக்கிட்டு பந்திக்குப் போயிட்டீங்க. பக்கத்துல உக்காந்து ஒரு ராத்திரி சாப்பாடு சாப்பிட்டது எனக்குத் தெரிஞ்சு இதான்.”

கட்டின 1,200 ரூபாயை, வந்துவிட்டதால் பில்லில் கழித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அந்த ஒரு ஸ்டாரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா திருச்சியிலிருந்து வருவதாக இருந்தது. அடையாறில் ஒரு இடத்தில் எட்டு மணிக்கு நாலு பேருக்கு டேபிள் சொல்லி வைத்திருந்தார். காலையில் சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல், பயணம் ரத்து. சாயங்காலம் ஐந்து மணிக்கு டீ குடிக்கும்போது பெரியவர் கேட்டார்.

“அந்த ஹோட்டல்ல சொல்லிட்டீங்களா மாப்ளே?”

“அதுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டலை மாமா. வரலைன்னா அவங்களே குடுத்துடுவாங்க, விடுங்க.”

“நம்பர் இருக்கா?”

மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தார். இரண்டு தடவை பிஸி. மூன்றாவது தடவை யாரோ ஒரு பெண் எடுத்தாள். பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மொட்டைமாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினார்.

“எட்டு மணிக்கு நாலு பேரும்மா. நாங்க வரலை. வாசல்ல யாராவது நிப்பாங்க, அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுடு.”